ஒப்பரேசன் செய்த கார்

இரண்டு கார்களில் எது நல்லது என்று கேட்டால், ஜெயரட்ணத்தின் மஸ்டாங்தான் என்று சொல்வேன். என்னுடையது இம்பாலா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு அந்தக் குணம் இல்லை. இருபத்துநாலு வருடம் டாண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களைச் சரிபார்த்தவன் நான். நல்லதை ஒரு பெட்டியிலும் பழுதை இன்னொரு பெட்டியிலும் போடுவது என் வேலை. யார் செய்த பாகம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

இன்று காலை உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, ஜெயரட்ணத்தின் சாவைப் பற்றிச் சொல்ல இருக்கிறது என்றேன். அந்த இளம் அதிகாரி ஒரு கோப்பை தேநீரும் ஒரு கட்டுத் தாளும் தந்து, உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்றார். நல்ல பிள்ளை. அதனால் ஒழுங்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் கணேசலிங்கம். வயது ஐம்பத்தொன்பது. ஸ்பிரிங்வேலில் மனைவி விமலாவுடன் இருக்கிறேன். ஒரே மகள் மேனுகா. ஜெயரட்ணம் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, மனைவி நிரஞ்சினியுடன் இருந்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மேனுகாவைத் தங்கள் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

இம்பாலா அறுபத்துநாலாம் ஆண்டுக் கார். நாலு கதவு, பாய் போட்டதுபோல நீளமான சீட்டு, முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். 2003இல் வாங்கினேன். மேனுகா அப்போது பள்ளிக்கூடம். அவளுடைய கலியாணத்துக்கு என்று நினைத்துத்தான் வாங்கினேன். கூறைச் சேலையும் தலை அலங்காரமுமாகப் பொம்பிளை ஏறும்போது தலை குனியக்கூடாது என்று, கடையில் நின்றபடியே கதவின் உயரத்தை அளந்து பார்த்தேன். விற்றவன் சிரித்தான்.

அமெரிக்காவிலிருந்து வந்த கார், ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம். விக்டோரியா மாநிலத்தில் இவ்வளவு பழைய காரை அப்படியே ஓடலாம், சட்டம் தடுக்காது. ஆனால் ரோட்டில் இடப்பக்கம் ஓடும் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருப்பதுதான் முறை. மூன்று வருடம் கராஜில் நின்று, என் கையாலேயே ஸ்டியரிங்கை மாற்றினேன். முன்பலகையை வெட்டித் திருப்பி ஒட்டினேன். பெடல்களுக்குப் புதுத் துளை. பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தந்தார். ஒரு குறை மட்டும் மிஞ்சியது. மழை துடைக்கும் கம்பிகள் பழைய பக்கத்துக்கே துடைத்தன. என் பக்கத்துக் கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு கைக்குட்டை அளவு ஈரம் எப்போதும் இருக்கும். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஜெயரட்ணத்தின் மஸ்டாங் 2009 கடைசியில் கப்பலில் வந்து இறங்கியது. அந்த வருடம் எங்கள் ஆட்கள் எவருக்கும் எதையும் கொண்டாட மனமில்லை. ஊரில் முடிந்துபோனதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் யாராவது எழுந்து குசினிக்குள் போய்விடுவார்கள். நானும் அவனும் காரைப் பற்றிப் பேசினோம். வேறொன்றும் பேசாமலிருக்க அது பெரிய உதவியாக இருந்தது. இதை நன்றியோடுதான் எழுதுகிறேன்.

அறுபத்தாறாம் ஆண்டு மஸ்டாங், கரும்பச்சை நிறம். இம்பாலாவைவிடச் சின்னது, பாரம் குறைவு, ஆகவே ஓட்டம் துள்ளலாக இருக்கும். என் காருக்கு இரண்டே கியர், அதற்கு மூன்று. பின் சீட்டில் குழந்தைகள்தான் இருக்கலாம். ஆனால் ஓர் ஆணிகூட மாற்றப்படவில்லை. நான் அதன் கீழே படுத்து ஒரு மணிநேரம் பார்த்தேன். ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கமே இருந்தது. மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன்.

"வேண்டாம் மச்சான்," என்றான். "அது பிறந்தமாதிரியே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு காரும் சேர்ந்து போகும். இடப்பக்கம் இருந்து ஓடுகிறவனுக்கு முன்னால் போகும் வண்டியைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. ஜெயரட்ணத்துக்குக் கண், வலப்பக்கச் சீட்டில் இருந்த நிரஞ்சினிதான். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்து, "இப்ப ஏலும், எடுங்கோ" என்பார், அல்லது "ஐயோ, வேண்டாம் வேண்டாம்" என்பார். ஒவ்வொரு முறையும் அவருக்கு உயிர் போய் வரும். ஆகவே நான் ஓர் ஒழுங்கு செய்தேன். நான் முன்னால் போவேன். பாதை வெறுமையாக இருந்தால் வலப்பக்கக் கண்ணாடியால் கையை வெளியே நீட்டி, முன்னோக்கி இரண்டு தரம் வீசுவேன். வண்டி வந்தால் உள்ளங்கையைக் கீழே காட்டுவேன். எங்கள் ஊர்ப் பக்கத்து லொறிச் சாரதிகள் பின்னால் வருகிறவனுக்கு அப்படித்தான் காட்டுவார்கள். இங்கே எவரும் செய்வதில்லை. இந்த நாட்டுக்காரன் அந்தக் கையை நம்பி ஒரு அடிகூட எடுக்கமாட்டான். ஜெயரட்ணம் நம்புவான்.

அவனுக்கு ஒரு சின்னப்பிள்ளைப் பழக்கம் இருந்தது. போகிற இடம் கிட்ட வந்ததும், தான் முன்னால் போய் இறங்கவேண்டும். பின்னாலிருந்து லைட்டை இரண்டு தரம் அடிப்பான். நான் கை காட்டுவேன். அவன் வெளியே எடுத்து என்னைத் தாண்டுவான். என் ஸ்டியரிங் வலப்பக்கம், அவனுடையது இடப்பக்கம் என்பதால், தாண்டும்போது இருவரும் கையெட்டும் தூரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். அவன் சிரிப்பான், சிலவேளை ஒரு டொஃபியை என் மடியில் எறிவான். இரண்டு வருடம் இப்படி ஓடினோம். எனக்கு அவனை உண்மையிலேயே பிடிக்கும்.

2010 தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் நாற்பது பேர் வரை இருந்தோம். யாரோ ஒருவர் இரண்டு காரில் எது சிறந்தது என்று கேட்டார். ஜெயரட்ணம் கதிரையைவிட்டு எழும்பாமலே சொன்னான்.

"லிங்கத்தின்ரை கார் நல்ல கார்தான். குறை சொல்லேலாது. ஆனால் ஒப்பரேசன் செய்த கார்."

"என்ன ஒப்பரேசன்?"

"இதயத்தை இந்தப் பக்கத்திலை இருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்தினவன். ஆள் பிழைச்சிட்டுது, ஆனால் மழைக்கு ஒரு கண் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அந்த ஈரமூலையைக் கவனித்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதற்குப் பிறகு இம்பாலாவுக்கு ஒப்பரேசன் கார் என்று பெயர் ஆகிவிட்டது. கடையில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், "ஒப்பரேசன் கார் எப்பிடி, சுகமோ?" என்று. ஒருநாள் விமலா தொலைபேசியில் யாருக்கோ, "நாங்கள் இவரின்ரை ஒப்பரேசன் காரிலை வாறம்" என்று சொல்வதைக் கேட்டேன். அவள் பகிடியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அதன் பெயர் என்று நினைத்துச் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேனுகாவின் கலியாணம் 2011 நவம்பரில், ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. இம்பாலாவுக்குப் புதுச் சீட்டுத் துணி தைப்பித்தேன், மகளின் கூறைக்குப் பொருந்துகிற அரக்கு நிறத்தில். மூன்று கிழமை இருக்கும்போது அவள் குசினியில் வந்து நின்றாள்.

"அப்பா, ஜெயா அங்கிளின்ரை மஸ்டாங்கிலை போகட்டே? போட்டோவுக்கு அது நல்லா இருக்கும்."

"இம்பாலா ரெடியா நிக்குது பிள்ளை. அதிலை நீர் குனியத் தேவையில்லை."

"தெரியும். ஆனால் அது ஒரிஜினல் இல்லைத்தானே அப்பா. மாப்பிள்ளை வீட்டிலை காரைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். ப்ளீஸ், கோவிக்காதேங்கோ."

நான் கோபிக்கவில்லை. சரி பிள்ளை என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அங்கிளுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தாள். நான் கராஜுக்குப் போய் அந்தப் புதுச் சீட்டில் கொஞ்சநேரம் இருந்தேன். எட்டு வருடம் ஒரு மனிதன் ஒன்றைச் செய்தால், ஒரு பதினைந்து நிமிடம் அதில் மகள் இருந்துபோவதற்கு ஆசைப்படுவது தப்பில்லை. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. அழுதேன் என்பதையும் எழுதவேண்டும், நீங்கள் முழு உண்மையையும் கேட்பதால்.

கலியாணத்துக்கு முந்தின ஞாயிறு, த பேசின் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் இரண்டு காருக்கும் பூசை. கூறைச் சேலையையும் சாமியின் காலடியில் வைத்து எடுப்பதற்குக் கொண்டுபோனோம். மேனுகா வேலையில் நின்றாள். நாங்கள் நாலு பேர்தான். பூசை முடிந்ததும் அங்கிருந்து சில்வன் பக்கம் ஒரு பெர்ரித் தோட்டத்தைப் போய்ப் பார்ப்பதாகத் திட்டம், அங்கேதான் கலியாணப் படம் எடுப்பதாக இருந்தது. அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்தவன் நான். வியாழக்கிழமையே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தோட்டக்காரி நல்ல மனுசி. ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் கவனம், மண் ஏற்றுகிற லொறிகள் அன்றைக்கும் ஓடும் என்று அவர்தான் சொன்னார்.

ஐயர் இரண்டு காருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எட்டுச் சில்லுக்கும் எட்டுத் தேசிக்காய் வைத்தார். மஸ்டாங் முன்னுக்கு உருண்டதும் நாலு தேசிக்காயும் பட்டென்று நசிந்தன. என் காரில் மூன்றுதான் நசிந்தது. ஒன்று வழுக்கி ஓரத்துக்கு ஓடிவிட்டது. ஜெயரட்ணம் அதை எடுத்து வந்து என் கையில் தந்தான்.

"மச்சான், நோயாளிக்குத் தேசிக்காய் தண்ணி நல்லது," என்றான்.

நிரஞ்சினி அவனை ஏசினார். நான் தேசிக்காயை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அங்கிருந்து புறப்படும்போது நிரஞ்சினி எங்கள் காரில் வந்தார். கூறைச் சேலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரும் விமலாவும் பின் சீட்டில் இருந்தார்கள். இது கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஜெயரட்ணம் மஸ்டாங்கில் தனியாக எங்களுக்குப் பின்னால் வந்தான்.

நல்ல வெயில். மழை இருந்திருந்தால் என் பக்கத்து மூலை மறைத்திருக்கும், ஆனால் அன்று எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தோட்டத்துக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கும்போது ரோடு நேராகப் போய் ஒரு மேட்டில் ஏறும். நான் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் பெண்கள் பெட்டியைத் திறந்து, கூறையின் கரையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயரட்ணம் லைட்டை இரண்டு தரம் அடித்தான்.

மேட்டின் உச்சியில் ஒரு லொறியின் நெற்றி எழும்புவதைக் கண்டேன். வலப்பக்கம் இருந்து ஓடுவதன் நன்மை அதுதான். இந்த ஒரு விசயத்தில் என் கார் அவன் காரைவிட மேல் என்று அப்போது எனக்குத் தோன்றியது உண்மை.

நான் கையை வெளியே நீட்டி, முன்னோக்கி இரண்டு தரம் வீசினேன்.

அவன் உடனே எடுத்தான். எனக்குப் பக்கத்தில் வந்தபோது என் பக்கம் திரும்பிச் சிரித்து, நன்றிக்குக் கையை உயர்த்தினான். ஏதோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பழைய இரண்டு கியர்ப் பெட்டி, ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பாயும், ஆனால் பாய்ந்தது. பின் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், அவர்களை அந்த இடத்திலிருந்து அப்பால் கொண்டுபோகவேண்டியது என் பொறுப்பு. கூறைப் பெட்டி மட்டும் கீழே விழுந்தது.

அவன் லொறியில் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான். லொறிச் சாரதிக்கு இடுப்பு முறிந்தது. அவருக்கு வயது அறுபதுக்கு மேல், பிறகு ஓடவில்லை என்று கேள்வி. ஆஸ்பத்திரிக்கு நான் பழங்கள் கொண்டுபோனேன்.

ஜெயரட்ணம் எங்களுக்கு இரத்த உறவில்லை, ஆகவே துடக்கு இல்லை, முகூர்த்தத்தை மாற்றத் தேவையில்லை என்று ஐயரே சொன்னார். நான் அதை மேனுகாவுக்கு விளக்கிச் சொன்னேன். இம்பாலா தயாராக இருப்பதையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. கலியாணம் மாசியில் நடந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவனின் வெள்ளை டொயோட்டாவில் போய் இறங்கினாள். இனி எந்தப் பழைய காரிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அரக்குச் சீட்டில் இன்றுவரை அவள் இருக்கவில்லை.

இரண்டு வருடமாக ஒருவரும் என்னைக் கேட்காததை நான் ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று அந்த அதிகாரி கேட்டார். சொல்கிறேன்.

அன்றைக்குப் பொலிஸார் கேட்டபோது, அவன் தானாகத்தான் வெளியே எடுத்தான் என்று நான் சொன்னேன். விசாரணை முடிவில், இடப்பக்கம் இருந்த சாரதிக்கு எதிரே வருவது தெரியவில்லை, காரின் அமைப்பே காரணம் என்று வந்தது. அதற்குப் பிறகு ஊர் முழுக்க அதே கதைதான். மஸ்டாங் கொலைகாரக் கார், லிங்கத்தின் கார் மாற்றிய கார் என்றாலும் பத்திரமான கார். ஒப்பரேசன் என்று சொன்ன அதே வாய்கள். ஒருவர் தன்னுடைய பழைய காரின் ஸ்டியரிங்கையும் மாற்றித் தரும்படி என்னிடம் வந்தார்.

போன கிழமை அவனுடைய இரண்டாம் வருடத் திவசம். நிரஞ்சினி எங்கள் வீட்டுக்கு வந்து, கராஜுக்குள் போய், இம்பாலாவின் நெற்றியில் சந்தனம் வைத்தார்.

"லிங்கண்ணை, இந்தக் கார்தான் என்னைக் காப்பாற்றினது. அந்தக் கார்தான் அவரைக் கொன்றது. நீங்கள் அப்பவே மாத்தித் தாறன் எண்டு சொன்னனீங்கள். இவர் கேக்கேல்லை."

அவர் அழுதார். விமலாவும் அழுதாள். நான் இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட சொல் அது, என் கார் மேல் என்பது. ஆனால் கேட்டபோது அது எனக்கு இனிக்கவில்லை. அன்றிலிருந்து ஒழுங்காக நித்திரை இல்லை. பழுதான பாகத்தை நல்ல பெட்டிக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவனின் நிலைதான் எனக்கு. மஸ்டாங் ஒரு பிழையும் செய்யவில்லை. பிரேக் பிழையில்லை, ஸ்டியரிங் பிழையில்லை. பிறந்தமாதிரியே இருந்தது, அவ்வளவுதான். ஒரு நல்ல காருக்கு இப்படிப் பழி வரக்கூடாது.

ஆகவே எழுதுகிறேன். அன்றைக்குக் கை காட்டியது நான். லொறி வருவதைக் கண்டபிறகுதான் காட்டினேன். நான் காட்டினால் அவன் வருவான் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இதை ஆங்கிலத்தில் மாற்றுகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடைசிப் பகுதியைக் கவனமாக மாற்றவேண்டும். இது முன்கூட்டி நினைத்துச் செய்தது இல்லை. அந்த ஒரு கணத்தில் கை தானாகப் போய்விட்டது. காரில் ஒரு கீறல், ஒரு நெளிவு, ஆறு நாளில் திருத்த முடியாத ஏதாவது ஒன்று, அதற்குமேல் என் மனதில் இருக்கவில்லை. ஒருவருக்கும் தீங்கு நினைக்கிற ஆள் நான் இல்லை என்பதற்கு நிரஞ்சினியே சாட்சி. அவரையே கேட்டுப்பாருங்கள். அன்றைக்கு அவர் வழக்கம்போல மஸ்டாங்கில்தான் ஏறியிருந்தார். அவன் பக்கத்தில், அந்த வலப்பக்கச் சீட்டில். "தங்கச்சி, நீர் இங்கை வாரும், கூறைப் பெட்டியைப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும்" என்று கூப்பிட்டு, கதவைத் திறந்துவிட்டு, எங்கள் காரில் இருத்தியது நான்தான். கெட்ட எண்ணம் உள்ளவனாக இருந்தால், கோயில் வாசலிலேயே அவரை அந்தக் காரிலிருந்து இறக்கியிருப்பேனா?